மதுரையில் ஜாடிச் செடி: வெயிலைவிடத் தண்ணீரே முதல் சிக்கல்

திருநகரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. மே மாதம் கொடைக்கானல் சென்றபோது, ஏழு ஜாடிகள் தொங்கிக்கொண்டிருந்த, பூச்சி உண்ணும் ஜாடிச் செடி ஒன்றைத் தொங்குதொட்டியோடு நாற்றுப்பண்ணையில் வாங்கி வந்தீர்கள். மூன்று வாரத்துக்குள் ஏழு ஜாடிகளும் மூடியிலிருந்து கீழ்நோக்கிக் கருகிவிட்டன. அதன் பிறகு வந்த இரண்டு இலைகளில் பற்றுக்கம்பி மட்டும் நீண்டு, முனையில் ஜாடி வரவேண்டிய மொட்டு கறுத்து நின்றுவிட்டது. மதுரை வெயிலுக்கு இது ஆகாத செடியா, பசுமைக் குடில் போட்டால் பிழைக்குமா என்று கேட்கிறீர்கள்.

பிழைக்கும். குடில் இல்லாமலேயே பிழைக்கும். நீங்கள் அனுப்பிய விவரத்தில் என் கண்ணில் பட்ட வரி, "குருத்து மட்டும் பச்சையாக இருக்கிறது" என்பதுதான். ஜாடிச் செடியின் உடல்நிலையை ஜாடியை வைத்துக் கணிப்பது கூடாது. அது வளர்ந்த இடத்தின் ஈரப்பதத்துக்கு ஏற்ப உருவான உறுப்பு ஜாடி. இடம் மாறினால் முதலில் போவதும் அதுவே. நல்ல இடத்தில் கூட ஒரு ஜாடி சில மாதங்கள் இருந்து காய்வது இயல்பு. குருத்து பச்சையாக, விறைப்பாக இருந்து, மாதம் ஒரு இலையாவது விரிந்துகொண்டிருந்தால் செடி உயிரோடு மட்டுமல்ல, புதிய இடத்துக்குத் தன்னைத் தயார்செய்துகொண்டும் இருக்கிறது என்று பொருள். கருகிய ஜாடிகளை மட்டும் கத்தரித்துவிடுங்கள், இலைகளை வெட்டாதீர்கள். இந்தச் செடியில் நாம் இலை என்று சொல்லும் தட்டையான பகுதி உண்மையில் இலையின் அடிப்பாகமே, நடுநரம்பின் நீட்சியே பற்றுக்கம்பி, இலைப்பரப்பு உருமாறியதுதான் ஜாடி என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தத் தட்டைப் பகுதிதான் செடிக்குச் சமையலறை. ஜாடி கருகிய பிறகும் அது உணவு தயாரித்துக்கொண்டே இருக்கும்.

முதலில் உங்களிடம் இருப்பது எது என்று தெரிய வேண்டும், ஏனென்றால் "ஜாடிச் செடி" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு செடிகள் விற்கப்படுகின்றன. பற்றுக்கம்பியில் ஜாடி தொங்குவது நெப்பந்தஸ். தரையிலிருந்து புனல்போல நேராக எழும்புவது வட அமெரிக்காவின் சர்ரசீனியா. நாகம் படமெடுத்ததுபோல் இருப்பது கலிபோர்னியா, ஓரிகன் மலைச்சதுப்புகளைச் சேர்ந்த டார்லிங்டோனியா. சர்ரசீனியாவுக்கு ஆண்டுதோறும் மூன்று நான்கு மாதக் குளிர்கால உறக்கம் தேவை. அது இல்லாமல் ஓரிரு ஆண்டுகள் ஓட்டிவிட்டு, மெலிந்து மடிந்துவிடும். டார்லிங்டோனியாவுக்கு வேரடியில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மார்கழியிலும் இருபது டிகிரியை ஒட்டியே இரவு நிற்கும் நம் ஊரில் இவ்விரண்டையும் வாங்குவது காசைக் கரைப்பதற்குச் சமம். நெப்பந்தஸ் அப்படியல்ல, அது வெப்பமண்டலச் செடி, உறக்கம் கேட்பதில்லை.

ஆனால் நெப்பந்தஸிலும் இரு சாதிகள் உண்டு. ஏறக்குறைய ஆயிரம் மீட்டருக்கு மேல் வளர்பவை மலைவகை, அதற்குக் கீழே வளர்பவை சமவெளிவகை என்று வளர்ப்போர் பிரிக்கிறார்கள். போர்னியோவின் கினபாலு மலையில், எலி விழும் அளவுக்குப் பெரிய ஜாடி விடும் நெப்பந்தஸ் ராஜா மலைவகை. பகல் எவ்வளவு இதமாக இருந்தாலும் இரவு பதினைந்து டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் அது தாக்குப்பிடிக்காது. மே மாத இரவில் இருபத்தேழு டிகிரியில் புழுங்கும் மதுரையில் அதற்குக் குளிர்சாதன அறைதான் கட்ட வேண்டும். அந்த ஆசை இருப்பவர்கள் கொடைக்கானலில் வீடு வைத்திருந்தால் முயலலாம். மாறாக நெப்பந்தஸ் மிராபிலிஸ், ராஃப்ளீசியானா, ஆம்புல்லேரியா போன்ற சமவெளிவகைகளுக்கு நம் இரவு வெப்பம் தொல்லையே இல்லை. இலங்கையின் தென்மேற்கு ஈரநிலங்களில் மட்டும் இயற்கையாக வளரும் டிஸ்டில்லட்டோரியாவும் இந்த வரிசைதான். இவர்களுக்கெல்லாம் முப்பத்தைந்து டிகிரி என்பது பழகிய வெயில்.

தொங்குதொட்டியில், இடுப்பு ஒடுங்கிய செம்பச்சை ஜாடிகளோடு வாங்கினீர்கள் என்பதால், உங்களுடையது பெரும்பாலும் வென்ட்ராட்டா என்ற கலப்பினமாக இருக்கும். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த வென்ட்ரிகோசாவும், நீண்ட காலம் அலாட்டா என்ற பெயரில் வழங்கிய இன்னொரு இனமும் சேர்ந்து பிறந்தது அது. உலகெங்கும் நாற்றுப்பண்ணைகளில் அதிகம் விற்பதும், தவறுகளை அதிகம் பொறுத்துக்கொள்வதும் அதுவே. முதன்முறையாக வளர்ப்பவர் எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். ஆகவே தற்செயலாக நல்ல செடியையே வாங்கியிருக்கிறீர்கள்.

இனி தண்ணீர். மதுரையில் ஜாடிச் செடி சாவதற்கு வெயில் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் பத்தில் ஏழு செடிகளைக் கொல்வது ஆழ்துளைக் கிணற்று நீர். இந்தச் செடிகள் மழை அடித்துச் சத்தையெல்லாம் கழுவிச் சென்ற மண்ணிலும், பாசிமெத்தையிலும், மரக்கிளைகளிலும் வளரப் பழகியவை. மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைக்காததால்தான் பூச்சியிடமிருந்து அவற்றை எடுக்கும் வழியையே அவை கண்டுபிடித்தன. உப்பு செறிந்த நீரைத் தாங்கும் அமைப்பு அந்த மெல்லிய கறுப்பு வேர்களுக்கு இல்லை.

எங்கள் வீட்டு ஆழ்துளை நீரில், கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 1,200 என்று காட்டும். அதாவது லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் உப்பு. ஒரு தொட்டிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் ஊற்றினால் 600 மில்லிகிராம். மூன்று மாதத்தில் ஐம்பது கிராமைத் தாண்டும். ஒரு பகுதி கீழே வடிந்து போகும் என்று வைத்துக்கொண்டாலும், மீதி அந்தச் சிறிய தொட்டிக்குள்தான் தங்கும். என் முதல் செடியை அப்படித்தான் கொன்றேன். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் பூத்தது. நான் அதைப் பூஞ்சை என்று நினைத்துத் துடைத்தேன். அடுத்த வாரம் மறுபடி பூத்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்த பிறகுதான் உப்பு என்று புரிந்தது. அதற்குள் இலைகளின் ஓரமெல்லாம் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டன. தொட்டியிலிருந்து எடுத்தபோது வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆகவே சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்குங்கள். இந்தச் செடிக்காக நீங்கள் செய்யும் செலவுகளில் இதுவே முதன்மையானது. ஐம்பதுக்குக் கீழே இருக்கும் நீர் நல்லது, நூறு வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மாநகராட்சிக் குழாயில் வரும் நீர் ஆற்றுநீராக வரும் நாளில் ஓரளவு மெல்லியதாகவும் (அதாவது உப்புக் குறைவாகவும்), வேறு நீர் கலந்து வரும் நாளில் கடினமாகவும் இருக்கும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு அதை நம்ப வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. கருவியின் குடிநீர் பொதுவாகப் பொருந்தும். ஆனால் பல கருவிகளில் சுவைக்காக வடிகட்டாத தண்ணீரைச் சிறிது திருப்பிக் கலக்கும் அமைப்பு இருப்பதால் அதையும் மீட்டரில் பார்த்துவிடுங்கள். அந்தக் கருவி வெளியேற்றும் கழிவுநீரை மட்டும் மறந்தும் ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று செடிகளுக்கு விடுவது நம் வீடுகளில் வழக்கம். அதில்தான் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் இருக்கிறது. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது என்பதால் உப்பில்லாதது. குழாய் சுத்தமாக இருந்தால் வடிகட்டிப் பயன்படுத்தலாம். நான் கோடையில் அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் மேலானது மழைநீர். மதுரைக்கு ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை; அதில் அதிகம் பெய்வது புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரைதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்பது கணக்கு. நூறு சதுர அடித் தகரக் கூரையில் ஐம்பது மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரே நாளில் நானூற்று அறுபது லிட்டர் சேர்ந்துவிடும். ஒரு செடிக்கு நாளைக்கு அரை லிட்டர் என்றால் பங்குனி முதல் ஆனி வரை அறுபது எழுபது லிட்டர் போதும். ஐப்பசியில் முதல் இரண்டு மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதை மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்து நிழலில் வையுங்கள். சிமெண்டுத் தொட்டியில் சேர்த்த மழைநீர் சுண்ணாம்பை ஏற்றுக்கொள்ளும், அது பயன்படாது.

தண்ணீர் விடுவதிலும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சதுப்புச் செடி என்று எண்ணிப் பலர் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீரைத் தேக்குகிறார்கள். அது சர்ரசீனியாவுக்குப் பொருந்தும்; நெப்பந்தஸின் வேருக்கு ஈரமும் காற்றும் ஒருசேர வேண்டும். மேலிருந்து, அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். கோடையில் காலையில் நாள்தோறும், மழைக்காலத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்பது ஒரு தோராயம்தான். தொட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பதே சரியான அளவுகோல். இரண்டு வாரம் தூக்கிப் பழகினால் எடையை வைத்தே தாகம் தெரிந்துவிடும். தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவும் வரும். டெங்கு காலத்தில் வீடு வீடாகச் சோதிக்க வருபவர்களிடம் "இது அபூர்வமான செடி" என்று விளக்கம் சொல்லி நிற்க வேண்டியிருக்கும்.

செடி நிற்கும் ஊடகத்தைப் பற்றி ஒரே வரியில் சொல்வதானால், மண் வேண்டாம். செம்மண், வண்டல், மண்புழு உரம், தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கு ஆகிய எதுவும் வேண்டாம். நான் பயன்படுத்தும் கலவை, தேங்காய் மட்டைச் சில்லு இரண்டு பங்கு, ஸ்பாக்னம் என்ற சதுப்புப் பாசி ஒரு பங்கு, பெர்லைட் எனும் எடை குறைந்த வெள்ளைப் பாறைத்துகள் ஒரு பங்கு. நம் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் தேங்காய் நார்க்கழிவையும் சில்லையும் அப்படியே போட்டுவிடக் கூடாது. அதில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கும். மெல்லிய நீரில் ஒரு நாள் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து, பிழிந்த நீரின் மீட்டர் அளவு ஊற்றிய நீரின் அளவை நெருங்கும்வரை, ஐந்தாறு முறையாவது கழுவ வேண்டும். முதல் பிழியலில் காப்பி டிகாக்‌ஷன் போல வரும். ஐந்தாவதில் இளநீர் நிறத்துக்கு வந்துவிடும். மணலோ கூழாங்கல்லோ சேர்க்க விரும்பினால் அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தள்ளிவிடுங்கள். அடுப்புக்கரி சேர்ப்பவர்கள் சாம்பலை நன்றாகக் கழுவிவிட்டுச் சேர்க்க வேண்டும்.

அடுத்த சிக்கல் காற்று. வெப்பத்தை நாம் பெரிதாகப் பேசுகிறோம், ஆனால் பங்குனியின் நாற்பது டிகிரியைவிட ஆடியின் முப்பத்தேழு டிகிரியில்தான் என் செடிகள் அதிக ஜாடிகளை இழந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் ஈரமெல்லாம் தொலைத்த வறண்ட காற்றாக இறங்குகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஜாடி மொட்டு நிச்சயம் கருகும். பற்றுக்கம்பியின் நுனியில் கடுகளவில் தோன்றும் அந்த மொட்டு வளர்ந்து, தட்டையாகி, பிறகு காற்றடைத்ததுபோல் உப்பி, மூடி திறப்பதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. அந்தக் காலம் முழுவதும் சுற்றியுள்ள காற்றில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். நண்பகலில் அது முப்பது, நாற்பதுக்கு இறங்கும்போது செடி இலையைக் காப்பாற்றிக்கொண்டு ஜாடியைக் கைவிடுகிறது. உங்கள் இரண்டு புதிய இலைகளிலும் நடந்தது இதுதான்.

இதற்குக் கையால் நீர் தெளிப்பதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கோடை நண்பகலில் தெளித்த ஈரம் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை. தெளிப்பவருக்கு மனநிறைவு கிடைக்கும், செடிக்கு ஒன்றும் கிடைக்காது. உப்புநீரைத் தெளித்தால் இலையில் வெண்புள்ளி மட்டும் மிஞ்சும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதே தெளிப்பதைவிடப் பெரிய மருந்து. மொட்டைமாடித் தரை மிக மோசமான இடம். சித்திரையில் இரவு ஒன்பது மணிக்கும் அது கால் பொறுக்காத சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். கீழ்த்தளத்தில், வீட்டுக்குக் கிழக்கே, காலை பத்து மணிவரை வெயில் பட்டுப் பிறகு நிழல் விழும் சுவரோரம் நல்லது. மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் நடுவே திறந்த முற்றம் இருக்குமே, அதைவிடச் சிறந்த இடத்தை யாரும் திட்டமிட்டுக் கட்டிவிட முடியாது. நான்கு பக்கமும் சுவர், காற்று நுழையாது, உச்சிவேளையின் ஒளி மட்டும் கொஞ்ச நேரம் இறங்கும், கழுவிவிட்ட தரையின் ஈரம் அங்கேயே நிற்கும். அப்படி ஒரு வீட்டில் ஒரு மூதாட்டி துளசி மாடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கும் வென்ட்ராட்டாவில் இருபதுக்கும் மேற்பட்ட ஜாடிகளை எண்ணியிருக்கிறேன். அவரிடம் மீட்டரும் இல்லை, வலையும் இல்லை, அடுப்படி ஆர்.ஓ. தண்ணீரும் முற்றமும் மட்டுமே.

முற்றம் இல்லாத நமக்கு ஒரு சிறு உத்தி. செடி இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை அதைவிட இரண்டு விரற்கடை அகலமான மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணலை நிரப்பி, அந்த மணலை மட்டும் ஈரமாக வைத்திருங்கள். பானைத் தண்ணீர் குளிர்வதுபோலவே வெளித்தொட்டியின் சுவர் ஈரத்தைக் கசியவிட்டு வேர்ப்பகுதியைக் குளிர வைக்கும். இலைகளைச் சுற்றிக் கொஞ்சம் ஈரமும் எழும். உள்தொட்டியின் துளை மணலைத் தொடாதபடி அடியில் ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டால், வெளி மணலுக்கு உங்கள் உப்புத் தண்ணீரையே ஊற்றலாம். செடியை நேரடியாக மண்தொட்டியில் நடுவதை நான் ஆதரிப்பதில்லை; சுவரில் உப்பு படிந்து நாளடைவில் வேரைத் தீண்டும்.

இப்போது நீங்கள் கேட்ட குடில். பசுமைக் குடில் என்றதும் கண்ணாடியோ பாலித்தீனோ போர்த்திய கூடம் நினைவுக்கு வருகிறது. அது குளிர்நாட்டார் வெப்பத்தைப் பிடித்து வைக்கக் கண்டுபிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நெப்பந்தஸ் மோகம் பரவியபோது, நிலக்கரி எரித்துச் சூடேற்றிய கண்ணாடி வீடுகளில்தான் செல்வர்கள் இதை வளர்த்தார்கள். அதே கூடத்தை மதுரையில் போட்டால் சித்திரையில் உள்ளே ஐம்பது டிகிரியைத் தொடும். அவித்த செடிதான் மிஞ்சும். நமக்குத் தேவை வலைக்குடில். ஆறடிக்கு நான்கடி அளவில், ஏழடி உயரத்தில், சவுக்குக் கம்போ இரும்புக் குழாயோ நட்டு, மேலேயும் பக்கங்களிலும் ஐம்பது விழுக்காடு வெயிலை மறைக்கும் பச்சை வலை கட்டினால் போதும். மேற்கு, தென்மேற்குப் பக்கங்களில் மட்டும் வலையை இரட்டையாக்கி, பங்குனியிலிருந்து ஆவணிவரை அதன்மேல் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். வெட்டிவேர்த் தட்டி கிடைத்தால் மணமும் சேரும். வறண்ட காற்று ஈரத்தைத் தாண்டி வரும்போது நன்றாகவே குளிரும். நாற்பது டிகிரி வெப்பமும் முப்பது விழுக்காட்டு ஈரப்பதமும் உள்ள காற்றை நீர் ஆவியாதலால் மட்டும் கோட்பாட்டளவில் இருபத்தைந்து டிகிரிவரை இறக்க முடியும். சாக்கு அவ்வளவு செய்யாது, ஆனால் ஐந்தாறு டிகிரி குறைந்தாலே செடிக்குப் பெரிய ஆறுதல். சாக்கை நனைக்கும் உப்புநீர் தொட்டிகளில் சொட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள்.

தரையில் செங்கல்லால் எல்லை கட்டி மூன்று அங்குலம் மணலோ சரளையோ பரப்பி ஈரமாக வைத்து, தொட்டிகளை இடுப்புயரத்தில் தொங்கவிட்டால் குடில் முடிந்தது. மழைக்காலம் தொடங்கியதும் கூடுதல் வலையை அகற்றிவிடுங்கள். நிழல் மிஞ்சினால் இலை அகலமாகவும் கரும்பச்சையாகவும் வளர்ந்து ஜாடியே வராது; மெல்லிய செம்மை படர்ந்த இலைதான் ஒளி சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஐப்பசி அடைமழையில் நனைவது பற்றிக் கவலை வேண்டாம், ஜாடிக்கு மூடி இருப்பதே அதற்காகத்தான்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற மொழி இந்தச் செடிக்குப் பொருந்தாது. இதன் பட்டம் ஐப்பசி. தொட்டி மாற்றுவது, கத்தரிப்பது, புதிய செடி வாங்குவது எல்லாவற்றையும் அப்போது வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டும் அந்த மாதங்களில்தான் மதுரையில் ஜாடிகள் பிறக்கின்றன. கோடையில் செடியை உயிரோடு வைத்திருந்தாலே வெற்றி. பங்குனியில் ஜாடி வரவில்லையே என்று உரம் போடுவது அதைக் கொல்லும் வேலை. இப்போது ஆனி நடக்கிறது. உங்கள் செடிக்கு இந்த மூன்று மாதத்துக்கு மட்டும் ஒரு முகமூடி செய்யலாம். இருபது லிட்டர் குடிநீர்க் கேன் ஓட்டையானது ஒன்றை எடுத்து அடியை அறுத்து, செடியின்மேல் கவிழ்த்து, வாய்ப்பகுதியைத் திறந்தே வையுங்கள். நேர்வெயில் படாத இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். வெயில் பட்டால் அரை மணியில் வெந்துவிடும். உள்ளே புதிதாக வரும் இலையின் நுனி கறுக்காமல் வளரத் தொடங்கியதும், நாளைக்கு ஒரு மணி நேரமாகக் கேனைத் தூக்கி வைத்துப் பழக்குங்கள்.

உணவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். எதுவும் ஊட்ட வேண்டாம். எறும்புக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. மூடியின் அடியிலும் ஜாடியின் உதட்டிலும் சுரக்கும் தேனுக்கு அவை தாமாகவே வரும். ஒரு மாலைப் பொழுது குந்தி உட்கார்ந்து பாருங்கள். அந்த உதடு நுண்ணிய வரிகளால் ஆனது. காய்ந்திருக்கும்போது எறும்பு அதன்மேல் தாராளமாக நடக்கும், தேனைத் தின்னும், திரும்பிப் போய் மற்றவர்களையும் அழைத்துவரும். இரவு ஈரத்திலோ தூறலிலோ உதட்டின்மேல் மெல்லிய நீர்ப்படலம் படர்ந்ததும் அதே பாதை வழுக்குப்பாறையாகிவிடும். நேற்று வந்துபோன எறும்பு இன்று கால் இடறி உள்ளே விழும். விழுந்தவை அடியில் உள்ள செரிமான நீரில் கரைந்து, அதிலுள்ள நொதிகளால் சிதைந்து, தழைச்சத்தாக உறிஞ்சப்படுகின்றன. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், செடி பாவம் என்று சுக்காவுக்கு வாங்கிய ஆட்டுக்கறியில் ஒரு துண்டை ஜாடிக்குள் போட்டுவிட்டார். நான்காம் நாள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. ஜாடி அழுகிச் சுருண்டுவிட்டது. பயணத்தில் ஜாடியின் நீர் கொட்டிப்போயிருந்தால் மட்டும் கால்பங்கு மழைநீர் ஊற்றலாம். வீட்டுக் கொசுவை இது ஒழித்துவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். இதில் சிக்குபவற்றில் பெரும்பாலானவை எறும்புகள்.

அந்த எறும்புகளே வேறொரு வழியில் தொல்லையும் தரும். அவை மாவுப்பூச்சியைச் சுமந்துவந்து குருத்தடியில் மேய விடும். ஈரத் துணியாலோ மென்தூரிகையாலோ துடைத்தெடுப்பதே முதல் மருத்துவம். கட்டுப்படாவிட்டால் நீர்த்த வேப்பெண்ணெய்க் கரைசலை ஜாடிகளுக்குள் விழாமல், மாலையில், ஓர் இலையில் சோதித்த பிறகு தெளிக்கலாம். வறட்சியில் செஞ்சிலந்தி வந்தால் இலை மங்கி மணல் தூவியதுபோல் தெரியும். இலையின் அடிப்புறத்தை மெல்லிய நீரில் கழுவுங்கள். இவற்றையெல்லாம்விட எனக்கு அதிகம் நஷ்டம் வைத்தது அணில். மாசியில் கூடு கட்டும்போது ஸ்பாக்னம் பாசியையும் நாரையும் வாய் நிறைய அள்ளிக்கொண்டு போய்விடும். ஒருமுறை காலையில் பார்த்தபோது செடி வேர் தெரியச் சாய்ந்து கிடந்தது, பாசி முழுவதும் பக்கத்து வேப்பமரத்தில் இருந்தது. தொட்டியின் மேல்பரப்பில் கழுவிய சரளைக்கல்லை ஒரு வரிசை பரப்பிய பிறகுதான் அது நின்றது.

வாங்கும் இடத்தில் ஒரு கவனம் தேவை. இந்தியாவில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் ஒன்றே ஒன்று, மேகாலயாவின் காரோ, காசி, ஜைந்தியா மலைகளில் உள்ள நெப்பந்தஸ் கசியானா. பிடுங்கி விற்றே அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் முதல் இணைப்பும் அதற்குக் காவல். நல்ல செடிதான், வெப்பத்தையும் ஓரளவு பொறுக்கும். ஆனால் காட்டுச்செடி என்று பெருமையாகச் சொல்லி, வேர் உடைந்து, மண்ணோடு, முதிர்ந்த ஒற்றைத் தண்டாக ஒருவர் விற்றால் வாங்காதீர்கள். திசு வளர்ப்பில் வந்த நாற்று சிறியதாக, ஒரே அளவாக, பாசியில் நட்டு இருக்கும். சிறிய நாற்றே நம் ஊருக்கு விரைவில் பழகும் என்பதையும் கண்டிருக்கிறேன்.

பூச்சி உண்ணும் செடி எதையாவது இன்னும் எளிதாக வளர்க்க முடியாதா என்று தோன்றினால், தமிழ்நாட்டுச் சமவெளியிலேயே இயற்கையாக வளரும், இலையில் ஒட்டும் துளிகளால் பூச்சி பிடிக்கும் சூரியப் பனித்துளிச் செடிகள் (டிரோசெரா) உண்டு. சித்த மருத்துவத்தில் அழுகண்ணி என்று வழங்குவது அவற்றில் ஒன்றே என்று பலர் கருதுகிறார்கள். ஒரு ரூபாய் நாணய அகலத்தில் தரையோடு ஒட்டி, மழை முடிந்த ஈரமணலில் சிவந்து கிடக்கும். விதை விட்டு ஓராண்டிலேயே மடியும் செடி என்பதால் விதையைச் சேர்த்து வைத்து விதைக்க வேண்டும். அதற்கும் அதே மெல்லிய நீர், அதே சத்தற்ற ஊடகம்.

உங்கள் செடி இந்த ஐப்பசியில் ஜாடி விட்டுவிட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அது கொடியாக நீண்டு படர ஆரம்பிக்கும். அப்போது ஜாடிகளின் வடிவமும் மாறி, மேலே ஒல்லியான புனல்களாக வரும். கொடியை அப்படியே விடாமல், மழைக்காலத்தில் மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈரப்பாசியில் செருகி, அதே அறுத்த கேனால் மூடி நிழலில் வையுங்கள். ஆண், பெண் செடிகள் தனித்தனி என்பதால் ஒற்றைச் செடியிலிருந்து விதை எதிர்பார்க்க முடியாது, தண்டுதான் வழி. ஒன்றரை, இரண்டு மாதத்தில் கணுவில் மொட்டு வீங்கும். அதைப் பார்த்ததும் வேர் வந்துவிட்டதா என்று இழுத்துப் பார்க்கத் தோன்றும். இழுக்காதீர்கள், அந்தக் கறுப்பு வேர் நூலைவிட எளிதில் அறும். தைக்குள் இரண்டு இலை விரிந்திருந்தால், துண்டைப் பாசியோடு சேர்த்தே எடுத்துத் தனித்தொட்டியில் வைத்துவிடலாம். அது கையளவு ஜாடி விடுவதற்கு அடுத்த ஐப்பசி ஆகிவிடும்.